தங்கூசியில் ஒரு கோல் வலை

இயேசு மரி சூசை துணை

விபோர்க்,
டென்மார்க்.
16.11.1986

அன்புள்ள மகன் பீற்றருக்கு,

நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மொன்றியல் குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது, பதிலைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பாய். எனக்குக் கை வருத்தமும் இல்லை, இங்கே தபால் கந்தோரைப் பூட்டவும் இல்லை. மூன்று தரம் எழுதத் தொடங்கி மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். இன்று பூசையால் வந்ததும் அம்மா புதுத் தாள் கட்டை மேசையில் வைத்து, எழுதிறதெண்டால் எழுதி முடியுங்கோ, கிழிக்கிறதெண்டால் எனக்குத் தாங்கோ, கடைச் சாமான் எழுத உதவும் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. எனக்கு எழுதவும் வேண்டும், எழுதப் பயமாகவும் இருக்கிறது என்பது அவவுக்குத் தெரியும்.

முதலில் வீட்டு விசேஷம். அம்மாவின் முழங்கால் நோவுக்கு டொக்டர் ஒரு களிம்பு தந்தார், நோவு போகவில்லை, களிம்பு மணம் மட்டும் வீடு முழுக்க நிற்கிறது. டேனிஷ் வகுப்பில் அவ என்னைவிட இரண்டு பாடம் முன்னால் போய்விட்டா, கடையில் நான் வாயைத் திறந்தால் இடையில் புகுந்து திருத்துகிறா, அதைக் கேட்டுக் கடைக்காரி சிரிக்கிறாள். உன் சிநேகிதன் லோரன்ஸ் இப்போது எங்களிடம் வருவதில்லை. உன்னோடு படித்த பிள்ளை, அகதி முகாமில் தனியக் கிடந்து காய்கிறான், சனி ஞாயிறாவது கூப்பிட்டுச் சோறு குடுங்கோ என்று நீ எழுதிய ஒரு வரிக்காக மே மாதம் தொடக்கம் இந்த வீட்டில் அவனுக்கு ஒரு கட்டிலும் ஒரு கோப்பையும் இருந்தன. கோப்பை இன்னும் இருக்கிறது. அவன் கோப்பன்ஹேகனுக்குப் போய்த் தெரிந்த பெடியளோடு இருக்கிறானாம். ஏன் போனான் என்பதை அவன் உனக்கு எழுதியிருப்பான். அவன் எழுதினது எப்படியோ, நான் எழுதுவதையும் வாசி. என்னுடைய ஆற்று அட்டை போய்விட்டது, இனி அந்தக் கரையில் நான் தூண்டில் போடக் கூடாது. அது போகட்டும், கடலில் பிறந்தவனுக்கு ஆறு போனால் என்ன. ஹென்னிங்கின் சிநேகிதம் போய்விட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஹென்னிங் யாரென்று முந்தியும் எழுதியிருக்கிறேன், நீ மறந்திருந்தாலும் இருப்பாய். எங்களை வகுப்புக்கு ஏற்றிப் போகும் பஸ்சின் சாரதி, என் வயதுதான், ஐம்பத்து நாலு. பஸ் தரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பாலம், பாலத்துக்குக் கீழே ஆறு. போன வருடம் வந்த புதிதில் நான் தினமும் அரை மணித்தியாலம் முந்திப் போய்ப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பேன். நாலு நாள் அவன் என்னைப் பார்த்தான், ஐந்தாம் நாள் பஸ்சுக்குள் இருந்து ஒரு பழைய தூண்டிலை எடுத்துத் தந்தான். எனக்கு டேனிஷில் நூறு சொல் தெரியும் என்றால் அதில் அறுபது அவன் சொல்லித் தந்தது, அந்த அறுபதும் மீன், புழு, தண்ணீர், காற்று என்றுதான் இருக்கும். முப்பத்தைந்து வருடம் கடலில் தொழில் செய்தவன் நான், என்னை அவன் ஒரு நாளும் ஒன்றும் தெரியாதவனாக நடத்தவில்லை. ஆறு வேறு என்று மட்டும் சொன்னான். மழை பெய்து தண்ணீர் ஏறும்போது வராதே, ஏறின தண்ணீர் இறங்கித் தேத்தண்ணி நிறத்துக்கு வரும்போது வா என்றான். ஒரு தரம் எறிந்தால் இரண்டு அடி கீழே நகர்ந்து அடுத்ததை எறி, நின்ற இடத்தில் நிற்காதே, ஒருவன் மீன் தேடும் மடுவில் அவனுக்கு முன்னால் போய் இறங்காதே, பின்னால் போய் உன் முறைக்கு நில் என்றான். மீன் புழுவைத் தொட்டதும் நான் வெட்டி இழுப்பேன், அவன் என் தோளைப் பிடித்து, மெல்ல, அது திரும்பிப் போகட்டும், மூன்று வரைக்கும் எண்ணு என்பான். நானும் அவனுக்குச் சொன்னேன். அவனுடைய நூல் முடிச்சு அடிக்கடி நழுவும், எங்கள் ஊர் முடிச்சைக் காட்டினேன், இப்போது ஆற்றங்கரையில் தூண்டில்காரர் சங்கத்தின் குடிலுக்கு வரும் பத்துப் பேர் பேசாலை முடிச்சுத்தான் போடுகிறார்கள். அவனுடைய மீன் வாரும் கைவலை கிழிந்தபோது நானே பொத்திக் கொடுத்தேன். நம்முடைய வழக்கப்படி தலைக்கயிற்றில் ஏழு கண்ணுக்கு ஒரு சிவப்பு நூல் முடிச்சும் போட்டேன். கரையில் எங்கே வலை ஒதுங்கினாலும் எங்கள் வீட்டு வலை என்று சொல்ல உன் அப்பப்பா வைத்த அடையாளம் அது என்று நூறு சொல்லில் பாதியைச் செலவழித்து விளங்கப்படுத்தினேன். அவன் அந்தச் சிவப்பு நூலைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ஆற்றுக்குப் போகிறவனுக்கு நல்லது கிடைக்கட்டும் என்று வாழ்த்தக் கூடாது. முதல் நாள் நான் வகுப்பில் படித்த பெருமையில் ஹெல் ஓ லூக்க என்று வாழ்த்தினேன், நல்லதிர்ஷ்டம் என்று அர்த்தம். அவன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பப் போகிறவன் மாதிரி நின்றான். பிறகு சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தான், ஆற்றுக்காரர் ஒருவருக்கொருவர் க்னெக் ஓ ப்ரெக் என்று சொல்ல வேண்டுமாம், உன் தூண்டில் முறியட்டும், நூல் அறட்டும் என்கிற மாதிரி. நல்லதிர்ஷ்டம் என்பது கலியாண வீட்டிலும் சோதனைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் சொல்கிறது என்றான். அதற்குப் பிறகு ஒரு வருடம் காலையில் பஸ்சில் ஏறும்போது நான் முறியட்டும் என்பேன், அவன் அறட்டும் என்பான், பின்னால் ஏறுகிற அம்மா, விடியக்காலமை இதென்ன சாபமோ தெரியேல்லை என்று முணுமுணுப்பா.

இந்த ஆற்றுக்காரரிடம் ஒரு குணம் இருக்கிறது. என்ன புழு, எந்தத் தூண்டில், எவ்வளவு ஆழம், எல்லாம் கேட்காமலே சொல்வார்கள். பிடித்த மீனைக் குடிலில் கிடக்கும் பெரிய கொப்பியில் நாளும் நிறையும் போட்டு எழுதுவார்கள். எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள். பேசாலையில் ஒரு வள்ளம் மீன் கூட்டத்தைக் கண்டால் துவாயைத் தூக்கிக் காட்டி மற்ற வள்ளங்களைக் கூப்பிடும், அப்படிப் பழகின எனக்கு இது பெரிய கஞ்சத்தனமாகத்தான் பட்டது. இப்படி இருக்க ஓகஸ்ட் கடைசியில் ஹென்னிங் என்னைக் கூட்டிக்கொண்டு, பழைய ஆலைக்குக் கீழே மூன்று மரம் சாய்ந்து நிற்கிற ஒரு வளைவுக்குப் போனான். அந்த மரத்தடி மடுவில் ஒரு சால்மன் நிற்கிறது என்றான். இந்த ஆற்றில் மற்ற மீன்கள் வரும், சால்மன் வருவது அருமையிலும் அருமை. அவன் பதினொரு வருடத்தில் இரண்டுதான் கண்டிருக்கிறான். இதை நான் என் தம்பிக்கும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன், நீ ஒருவருக்கும் சொல்லாதே என்றான். நான் ஓம் என்று சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினேன்.

செப்ரெம்பர் பதின்மூன்றாம் திகதி அந்த மீன் என் தூண்டிலில் ஏறியதை உனக்கு எழுதியிருந்தேன். நாற்பது நிமிடம் என்னை அலைக்கழித்தது, ஹென்னிங் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிவப்பு நூல் வலையில் வாரினான். என் கைமுழம் இரண்டுக்குக் குறையாது. கடலால் வந்த வெள்ளி நிறம் போய் உடம்பு செம்பாகிவிட்டது, வயிறு நிறைய முட்டை, வாலின் மேல் நுனியில் ஏதோ கடித்த வெட்டு ஒன்று. முட்டை வைத்த பழுப்பு மீனை இங்கே இலையுதிர் காலத்தில் கொல்ல மாட்டார்கள். சட்டம் ஒரு பக்கம், கொன்றால் மற்றவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஹென்னிங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்த மீனை விடுவதென்பது என் வம்சத்தில் ஒருவரும் செய்யாத வேலை. நான் அதன் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து, தலையை ஓட்டத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது மூச்சு வாங்கி, வாலை ஒரு தட்டுத் தட்டிப் போய்விட்டது. அன்று ஹென்னிங் கொப்பியில் என் பெயரையும் மீனின் வால் வெட்டையும் எழுதி, இடத்துக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டான். நான் வீட்டுக்கு வந்து சந்தோசத்தில் உனக்கு ஆறு பக்கம் எழுதினேன். ஆலை, வளைவு, மூன்று மரம் எல்லாம் வைத்து ஒரு படமும் கீறி அனுப்பினேன். ஒருவருக்கும் சொல்லாதே என்று ஹென்னிங் சொன்னதை மீறுகிறேன் என்று எனக்குப் படவே இல்லை. பெற்ற பிள்ளைக்கு, அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு எழுதுவதை ஊருக்குச் சொன்னதாக யார் கணக்கெடுப்பார்கள். எனக்குள் நானே சொல்லிக்கொள்கிற மாதிரித்தான் அதை எழுதினேன். இந்த வீட்டில் சோறு தின்ற லோரன்ஸ் எத்தனையோ தரம் வாயைக் கிண்டினான், மாமா, அந்தப் பெரிய மீன் எங்க நிக்குது என்று. அவனுக்கு நான் சொல்லவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், அவனுக்கு நான் சொல்லவே இல்லை.

ஒக்ரோபர் தொடக்கத்தில் அவன் ஒரு பை நிறையத் தங்கூசி நூலோடு, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நைலோன் நூலோடு வந்தான். மாமா, முகாம் பெடியள் பந்து விளையாட ஒரு ரீம் சேர்த்திருக்கிறம், கோல் போஸ்ற்றுக்கு வலை இல்லை, நீங்கள் ஒண்டு கட்டித் தரவேணும், பீற்றர் கோல் காத்த மாதிரி இஞ்ச நான்தான் கோல் காக்கிறன் என்று சொன்னான். கோல் அகலத்துக்கு எட்டு யார் நீளம், கண் நாலு விரல் என்றான். பீற்றர், நான் வலைகாரன். தங்கூசியில் கட்டின கோல் வலை முதல் பந்துக்கே அறுந்து தொங்கும். பந்தை மறிக்க ஒரு சாண் கண்ணே போதும், நாலு விரல் கண் எதை மறிக்க என்று எனக்குத் தெரியாதா. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கத்தானே மனிதன் தங்கூசியைத் தேடுகிறான். ஏனடா தங்கூசி என்று கேட்டேன், கடையில இதுதான் மாமா கிடந்தது என்றான். அந்த ஒரு பதிலோடு நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா எதிர்க் கதிரையில் இருந்து என்னை ஒரு பார்வை பார்த்தா, அதையும் காணாத மாதிரி இருந்தேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நாட்டை விட்டு வந்து இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் வலையூசி என் கையில் ஏறியது, கை அவ்வளவு சந்தோசப்பட்டது. மற்றது, அவன் உன் பெயரைச் சொன்னான். பள்ளிக்கூட மைதானத்தில் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து, வந்த பந்தையெல்லாம் நெஞ்சில் வாங்கி நின்ற உன்னை நினைத்து நினைத்துத்தான் ஒவ்வொரு கண்ணையும் கட்டினேன். பன்னிரண்டு நாளில் முடிந்தது. தலைக்கயிற்றில் ஏழு கண்ணுக்கு ஒருதரம் கை தன்பாட்டில் சிவப்பு நூலையும் போட்டிருந்தது.

ஒக்ரோபர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை லோரன்ஸ் என் பக்கத்தில் நின்று பூசை கண்டான், நற்கருணையும் வாங்கினான். நாங்கள் கோவிலில் நின்ற அதே நேரத்தில்தான் ஆற்றுக் காவலர் அந்த வளைவில் வலையைக் கண்டிருக்கிறார். முதல் நாள் பின்னேரம் போட்டுவிட்டு, பூசை முடிந்து போய்த் தூக்கலாம் என்று இவன் இருந்திருக்கிறான். எட்டு மீன், எல்லாம் முட்டை வைத்தவை, எல்லாம் செத்துப் போய்விட்டன. எட்டில் ஒன்று சால்மன், வாலின் மேல் நுனியில் அதே வெட்டு. திங்கட்கிழமை பஸ்சில் ஹென்னிங் இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது, யாரோ ஒரு பாவி, யாரோ ஒரு பாவி என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். நான் வலை என்ற சொல்லைக் கேட்டதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை குடிலில் வருடக் கடைசிக் கோப்பி விருந்து. எல்லாரும் வருவார்கள், பாணும் சீசும் வைப்பார்கள், கொப்பியைத் திறந்து அந்த வருட மீன்களை வாசிப்பார்கள். என் பெயரும் வாசிக்க இருந்தது, அம்மா என் சேட்டை இரண்டு தரம் அயன் போட்டு அழுத்தித் தந்தா. போனால் கோப்பி மேசையில் வலை கிடக்கிறது. சங்கத் தலைவர் எழும்பி, இது யாருடைய கைவேலை என்று தெரிந்தவர் சொல்லட்டும் என்றார். ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார்கள், கடையில் வாங்கினதல்ல, கையால் கட்டினது, நல்ல கட்டு என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு அந்த நேரத்திலும் அந்தப் புகழ் காதில் ஏறியது, வெட்கம் கெட்ட காது. வலை ஹென்னிங்கிடம் வந்தது. அவன் தலைக்கயிற்றைப் பிடித்து விரலாலேயே நகர்ந்து போனான், சிவப்பு நூலில் பெருவிரல் நின்றது. அடுத்த சிவப்பு நூல் வரைக்கும் கண்களை எண்ணினான் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. தலைவர் அவனைப் பெயர் சொல்லிக் கேட்டார், உனக்கு இந்தக் கரையில் எல்லாரையும் தெரியுமே, யாருடையது என்று. ஹென்னிங் என்னைப் பார்த்தான். நான் எழும்ப வேண்டிய நேரம் அது. என்னுடையது என்று சொல்ல டேனிஷில் மூன்று சொல் போதும், மூன்றும் எனக்குத் தெரியும். நான் எழும்பவில்லை. பொலிஸ் என்று ஒரு பேச்சு வந்தால் கோப்பன்ஹேகனில் கிடக்கிற லோரன்ஸின் அகதி விண்ணப்பம் என்னவாகும், அவனைத் திருப்பி அனுப்பினால் அவன் தாய்க்கு யார் பதில் சொல்வது என்று நினைத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹென்னிங் வலையை மேசையில் வைத்தான், தெரியாது என்றான். மீனின் நீளத்தைத் தவிர வேறொன்றிலும் பொய் சொல்லாத மனிதன், எனக்காக அத்தனை பேருக்கு முன்னால் பொய் சொன்னான். கோப்பியைக் குடிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வாசல் வரைக்கும் ஓடினேன், கார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து லோரன்ஸைப் பிடித்தேன். அவன் ஒன்றையும் மறுக்கவில்லை. பெடியளுக்கு நல்ல மீன் சாப்பிட ஆசை மாமா, ஒரு நாளைக்குத்தானே போட்டனாங்கள் என்றான். உனக்கு அந்த வளைவை யார் காட்டினது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, பீற்றர் என்றான். நான் கையை ஓங்கிவிட்டேன். என்ர பிள்ளையை இழுக்காதை, செய்ததும் காணாமல் பொய்யும் சொல்லுறியோ என்று கத்தினேன், அம்மா நடுவில் வந்து நின்றா. அவன் போய்த் தன் பையில் இருந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தான். அதற்குள் நான் கீறின படம் இருந்தது. கடிதம் உன் எழுத்து, கீழே இறங்குகிற எழுத்துக்கெல்லாம் வாலை நீட்டி இழுக்கிற உன் எழுத்து. என்ன எழுதினாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்குப் பாடமாகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன். மச்சான், அப்பா அனுப்பின படம் இதுக்குள்ள இருக்கு, பெரிய மீன் அங்கதான் நிக்குது, தூண்டிலோட மினைக்கெடாத. வலை அப்பாட்டக் கட்டுவி, ஆத்துக்கு எண்டு கேட்டால் மனுசன் கட்டாது, கோல் போஸ்ற்றுக்கு எண்டு சொல்லு, என்ர பேரையும் சொல்லு. பாவம், கட்டித் தருவார்.

பீற்றர், என்னைக் கோபக்காரன் என்று ஊரில் சொன்னவர்கள் இருக்கிறார்கள், பிடிவாதக்காரன் என்று உன் அம்மா இப்பவும் சொல்கிறா. பாவம் என்று இதுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை. ஊரில் எங்கள் வள்ளம் எரிந்த அன்றும் யாரும் சொல்லவில்லை, இங்கே வந்து வாய் பேசத் தெரியாத ஊமை மாதிரி நின்றபோதும் யாரும் சொல்லவில்லை. என்னுடைய சந்தோசத்தை நம்பி உனக்கு அனுப்பினேன், நீ அதை ஒரு உறையில் போட்டு இன்னொருவனுக்கு அனுப்பிவிட்டாய். என்னை எதைக் காட்டி ஏமாற்றலாம் என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, உன் பெயரைக் காட்டித்தான் என்று. லோரன்ஸ் எனக்குச் செய்தது களவு, அதை நான் ஒரு மாதத்தில் மறந்துவிடுவேன், வேறு வீட்டுப் பிள்ளை. நீ செய்ததற்கு நான் என்ன பெயர் வைக்க. விளையாட்டாக எழுதினேன் என்று நீ சொல்லுவாய். சொல்லு, ஆனால் அந்த விளையாட்டில் நானும் ஒரு மனிதனிடம் துரோகியானேன் என்பதையும் சேர்த்துச் சொல்லு. அதில் என் பங்கு இல்லையென்று நான் சொல்லவில்லை. படம் கீறினது நான், கண்ணை மூடிக்கொண்டு கட்டினது நான், கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகாமல் தலைவரின் வீட்டுக்குப் போனேன். வலை என்னுடைய கட்டு என்று சொல்லி ஆற்று அட்டையை மேசையில் வைத்தேன். நீயா தண்ணீரில் போட்டாய் என்று கேட்டார், கட்டினது நான் என்று மட்டும் திரும்பச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அதற்கு மேல் தோண்டவில்லை. ஐந்து வருடத்துக்கு அந்தக் கரையில் மீன் பிடிக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. லோரன்ஸ் அந்தக் கிழமையே பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான், போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து அழுதானாம், நான் அறைக்குள் இருந்தேன். ஹென்னிங் இப்போதும் எங்கள் பஸ்சைத்தான் ஓட்டுகிறான். அவன் முகத்தைத் திருப்பினால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும், அவன் திருப்பவில்லை. காலை வணக்கம் என்கிறான், இன்று குளிர் கூட என்கிறான். நான் முறியட்டும் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன், அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நேற்று முன்தினம் வகுப்பில் எங்களுக்குச் சோதனை. பஸ்சால் இறங்கும்போது ஒவ்வொருவருக்கும் சிரித்த முகத்தோடு வாழ்த்துச் சொன்னான். எனக்கும் சொன்னான். ஹெல் ஓ லூக்க. எனக்குப் பின்னால் இறங்கின ஈரான்காரனுக்கும் அதையே சொன்னான். சோதனையில் ஒரு சொல்லும் எனக்கு ஓடவில்லை.

ஹென்னிங் எனக்குச் செய்ததை நானும் உனக்குச் செய்யலாம், அது லேசான வேலை. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம் என்று மாதத்துக்கு ஒரு தாள், இரண்டு வரி, முத்திரையை ஒட்டிப் போட்டுவிடலாம். நீயும் அப்பா சுகமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். மூன்று தரம் கிழித்தேன் என்று முதலில் எழுதினேனே, அந்த மூன்று தாளிலும் அந்த இரண்டு வரிதான் இருந்தது. அதனால்தான் கிழித்தேன். இந்தத் தாளில் பதினொரு பக்கம் வந்துவிட்டது, பேனை மை முடிகிறது, உன்னில் எனக்கு இருக்கிற கோபம் முடியவில்லை. நீ எழுதுகிற பதிலில் சுகம் விசாரிக்காதே. லோரன்ஸுக்கு அந்தக் கடைசி வரியை எழுதும்போது உன் மனதில் என்ன இருந்தது என்பதை எழுது, எனக்குப் பிடிக்காதென்றாலும் எழுது. நீயும் இரண்டு வரியோடு நிற்பாட்டிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி பின்னி முடித்துவிட்டா, நத்தாருக்கு முந்தி வரும். இவ்வளவும் அவவுக்குத் தெரியும், என்றாலும் நான் உன்னை ஏசி எழுதுகிறேன் என்று பின்னால் வந்து நின்று இரண்டு தரம் கண்ணைத் துடைத்தா. காதை மூடாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. கர்த்தரும் மடுமாதாவும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், இந்தக் கோபத்துக்குள்ளேயும் காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் மன்றாடுகிறேன். மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தை உன்னோடு வைத்துக்கொள், ஒருவருக்கும் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்னை இன்னும் நம்ப விரும்பும் அப்பா,
ம. குருசுமுத்து